அழுவதற்குப் பத்து நிமிடம்

ரெஜினாவின் ரத்தத்தில் சில புற்றுநோய்ச் செல்கள் மிதந்துகொண்டிருந்தன. ரத்தம் வேகமெடுத்தால் அவை அடித்துச் செல்லப்பட்டு வேறெங்காவது ஒட்டிக்கொள்ளும். அதனால் நெஞ்சில் பொருத்திய கருவி ஓட்டத்தை ஒரே சீராக வைத்திருந்தது. அவளும் படி ஏறக்கூடாது, வாய்விட்டுச் சிரிக்கவோ அழவோ கூடாது, சண்டை கூடவே கூடாது. மூன்று வருடமாக அவள் கணவர் அமலதாஸ் வீட்டில் குரலை உயர்த்தியதில்லை. போன மாதம் அவளுடைய அண்ணன் இறந்த செய்தியைக்கூட, அவள் பதறாதிருக்கப் பாட்டைப் போட்டுவிட்டு மெல்லத்தான் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் கருவியை நிறுத்திச் சோதிப்பார்கள். அந்தச் செல்கள் எங்கும் ஒட்டாமல் தடுக்கும் ஊசி மருந்தின் காவலில் பத்து நிமிடம் கிடைக்கும்.

"இப்ப என்ன வேணா செய்யலாம்மா," என்று சொல்லிவிட்டு நர்ஸ் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"எங்கண்ணனுக்காக அழணுங்க," என்றாள் ரெஜினா, அருகில் உட்கார்ந்திருந்த கணவரிடம். காத்திருந்தாள். கண்ணீர் வரவில்லை. அசதிதான் வந்தது.

பக்கத்தில் விசும்பல் கேட்டது. அமலதாஸ் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். "முடியல ரெஜினா. பயந்து பயந்து பேசி, எனக்கு அலுத்துப்போச்சு."

அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்தது.

கதவு திறந்தது. "மருந்து தீரப்போகுதும்மா. கருவியைப் போடணும்," என்றாள் நர்ஸ்.

"கொஞ்சம் வெளியில இரும்மா," என்றாள் ரெஜினா. "இவரு இன்னும் அழுது முடிக்கல."