முதல் சாய்ஸ்

“முதலிடத்துல இருக்கிற காலேஜை விட்டுட்டு முப்பத்தேழாவதா? உனக்கென்ன கிறுக்கா ஏளா?” கிளமெண்ட் தரவரிசைப் பட்டியலை மனைவி முன்னால் வீசினார். மகள் ஸ்டெனிலாவுக்கு எந்தச் சட்டக் கல்லூரி என்று மாலைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

“இந்தப் பட்டியல் எனக்கு வேண்டாம். மூணு நாளா கோர்ட்டு வாசல்ல நின்னு விசாரிச்சிட்டேன்” என்றாள் பெனிட்டா.

“கட்டடமாவது நல்லாருக்கா?”

“பழைய ஓட்டுக் கட்டடமாம்.”

“பெரிய வீட்டுப் பிள்ளைங்க படிக்காங்களா?”

“இல்லியாம்.”

“அங்க படிச்சு எவன் பெரிய ஆளானான்? ஒருத்தனைச் சொல்லு, பாப்பம்!”

“நம்ம வள்ளத்தைக் கப்பல் இடிச்ச கேஸ்ல, கப்பல் கம்பெனிக்காக வாதாடுனாரே, அந்த வக்கீல்.”

கிளமெண்ட்டுக்குச் சுருக்கென்றது.

“நம்மளத் தோக்கடிச்சவன் படிச்ச இடத்துக்கா எம்பிள்ளையை அனுப்பச் சொல்லுத?”

“ஆமா. நங்கூரம் போட்டு நின்ன வள்ளத்தை, கப்பலுக்குக் குறுக்க ஓடி வந்துச்சின்னு ஜட்ஜையே நம்ப வச்சிட்டாரு. பொய்யையே அப்படி நிக்க வைக்கப் படிச்சுக் குடுத்தவங்க, நம்ம உண்மையை நிக்க வைக்க எம்பிள்ளைக்குப் படிச்சுக் குடுக்க மாட்டாங்களா?”