ஜூலிக்கு வலிப்பு வந்தபோது

கூடத்தில் படுத்திருந்த ஜூலி திடீரென்று விறைத்து, கால்களை உதைத்து, நுரை தள்ளியது. "முருகா, என் தங்கமே!" என்று ஓடிய செண்பகவல்லி, சாவிக்கொத்தை நாயின் வாயில் திணிக்கப் போனாள்.

"வேண்டாம் அத்தை, வாயில எதையும் வைக்கக் கூடாது. டிவியை நிறுத்துங்க, தானா அடங்கிடும்" என்றபடி மருமகள் பூரணி நாற்காலியை நகர்த்தினாள்.

போன மாதம் பூரணி இதே தரையில் துடித்தபோது, செண்பகவல்லி வாசற்படியிலேயே நின்று சாவிக்கொத்தை வீசியெறிந்தாள். பிறகு சம்பந்திக்குப் போன் போட்டு, "ஏமாத்திட்டீங்களே" என்று கத்தினாள்.

நாயின் உடல் மெல்லத் தளர்ந்தது.

"முழிக்கிறப்ப எங்க இருக்கோம்னே தெரியாது அத்தை. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

செண்பகவல்லி தலையை நிமிர்த்தவில்லை. "அன்னைக்கு உன்னை யாரும்மா கூப்பிட்டது?"

"யாரும் இல்ல அத்தை. ஜூலிதான் வந்து பக்கத்துல படுத்துக்கிச்சு."