பக்கத்து நாற்காலி

ப்ரூக்ளினில் மர்சியா பார்க்க வந்த ஏழாவது பள்ளி இது. மகள் கணக்கில் புலி. ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தால், குலுக்கலில் ஏதாவது ஒன்று விழும். எதை முதலில் போடுவது என்றுதான் தலை சுற்றியது.

பெற்றோருக்கான அறிமுகக் கூட்டம் தொடங்கும் முன், "இந்த ஸ்கூல் எப்படிங்க?" என்று பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் கேட்டாள்.

"கெட்டிக்காரப் பிள்ளைன்னா இங்க போடாதீங்க. நாள் பூரா கொட்டாவிதான் விடும்."

"எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்களே?"

"தினமும் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

குழம்பிப்போன மர்சியா, கைபேசிப் பட்டியலில் இப்போதைக்கு முதலிடத்தில் வைத்திருந்த இந்தப் பள்ளியை நீக்கினாள்.

மேடையில் தலைமையாசிரியர், "அடுத்து எங்க கணக்கு டீச்சர் மிஸ் பெரால்ட்டா பேசுவாங்க" என்றார்.

பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து போனாள்.

அவள் பேசி முடித்ததும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "உங்க பிள்ளைய எங்க சேப்பீங்க டீச்சர்?"

மிஸ் பெரால்ட்டா மர்சியா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. "என் பொண்ணும் இந்த வருஷக் குலுக்கல்ல இருக்கா. இங்கதான் முதல்ல போட்டிருக்கேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தவள், மர்சியாவின் கைபேசியை எட்டிப் பார்த்தாள். "என்னங்க, மறுபடியும் இதையே முதல்ல போடறீங்க?"

"ஆமாங்க" என்றாள் மர்சியா. "நீங்க சொன்னதைக் கேட்டுத்தான்."