ஜெனிட்டாவின் நாலாவது டீம்

மூன்று வருடம் நாற்பது நாட்களாக ஜெனிட்டா பந்தை உதைக்கவில்லை. பதினான்கு வயதில் ஒரு கால்பந்து கிளப், வருங்கால வீராங்கனை என்று அவளை முன்பதிவு செய்தது. அடிபட்டுவிடும் என்று அன்றே தெருவில் ஆடுவதற்கும் தடை போட்டது. பயிற்சிக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. வருடா வருடம் அவளை வைத்திருந்த கிளப், அவளை இன்னொரு கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அங்கிருந்து வயதான ஒரு வீராங்கனையை வாங்கிக்கொண்டது.

இன்று வியாசர்பாடி வீட்டுக்கு இப்போதைய கிளப்பின் ஆள் ஸ்வீட் பெட்டியோடு வந்தான்.

"அக்கா, பாப்பா இனிமே கொல்கத்தா டீம்!"

"நாலாவது டீமுடா இது. ஒருத்தனாவது அவ ஆட்டத்த பாத்தீங்களா?" அம்மா எஸ்தர் பெட்டியைத் தள்ளிவிட்டாள். "போன தபா இவளக் குடுத்து ஒருத்திய வாங்கினாங்களே, அவ எனக்கே அக்கா மாதிரி இருந்தா. ரெண்டாவது மேட்ச்லயே முட்டியப் புடிச்சிக்கினு உக்காந்துட்டா."

அவன் சிரித்து மழுப்பினான்.

"சிரிக்காதீங்கண்ணா," என்றாள் ஜெனிட்டா. "அஞ்சு நிமிஷம் ஆடுறேன். வந்து பாருங்க."

"வேணாம்மா."

"ஏன்?"

எஸ்தர் கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றாள். "சொல்லிட்டுப் போ."

அவன் ஜெனிட்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆடினா, நீ எவ்ளோதான் ஆடுவேன்னு தெரிஞ்சிடும். தெரியாத வரைக்கும்தான் உன்ன வாங்குவாங்க."