முப்பத்தோராவது முகவரி

"இன்னா மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? எல்லாரோட மெயில் ஐடியும் பளிச்சுன்னு மேலயே கீது!"

வேலப்பன்சாவடி மாடி அறையில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த ஜஹானாரா நிமிர்ந்தாள். பெண்களுக்கான கம்ப்யூட்டர் வகுப்பை மூன்று மாதமாக ஆன்லைனில் நடத்தியவள். இன்றுதான் முதல் நேரடி வகுப்பு. இடம், நேரம் எல்லாம் எழுதி, காலையில் அனைவருக்கும் ஒரே மெயிலாகத் தட்டிவிட்டிருந்தாள்.

வாசலில் மூச்சிரைக்க நின்றாள் எழிலரசி. வகுப்பில் கெட்டிக்காரி.

"எப்பவும் பிசிசியிலதான் போடுவேன் எழிலு. ஒருத்தர் ஐடி இன்னொருத்தருக்குத் தெரியாது. இன்னிக்கு அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன். 'கிளம்பிட்டேன் மேடம்'னு மொதல் ஆளா பதில் போட்டுட்டு, இப்ப இன்னா இவ்ளோ கோவம்?"

"கோவமில்ல மேடம், பயம்! தேவா அடிக்குத் தப்பிச்சு எட்டு மாசமா பாரிவாக்கத்துல ஒளிஞ்சுகினு கீறேன். புருஷனா அவன்? என் புது ஐடி எங்கம்மாவுக்கே தெரியாது. இந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தி அவனுக்குத் தெரிஞ்சவளா இருந்தா?"

ஜஹானாராவுக்குப் பாவமாக இருந்தது. தப்பு தன்னுடையதுதானே. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள்.

"நீயே பாரும்மா. சந்தேகமா எதுனா இருந்தா சொல்லு, தூக்கிடுறேன்."

எழிலரசி விரல் வைத்து எண்ணினாள். வகுப்பில் முப்பது பேர். பட்டியலில் முப்பத்தொன்று. விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"இது... எப்படி இங்க?"

"உன் பழைய ஐடிதானே? சேரும்போது பழக்கதோஷத்துல அதைக் குடுத்த. மறுநாளே மாத்தச் சொன்ன. புதுசைச் சேர்த்துட்டு, பழசை எடுக்க மறந்துட்டேன் போல. இருக்கட்டுமே, ரெண்டும் உன்னுதுதானே?"

"இல்ல மேடம். கல்யாணமான புதுசுல என் பேர்ல ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆரம்பிச்சது. நான் ஊட்டை விட்டு வந்ததும் பாஸ்வேர்டை மாத்தி அவனே வெச்சிக்கினான்."

மூன்று மாதமாக அனுப்பிய ஒவ்வொரு மெயிலும் அங்கேயும் போயிருக்கிறது. மறைத்தே அனுப்பியதால் யார் கண்ணிலும் படவில்லை. ஜஹானாரா காலையில் வந்த முதல் பதிலைத் திறந்து பார்த்தாள்.

"அப்போ... காலையில 'கிளம்பிட்டேன்'னு..."

"நான் இன்னிக்கு யாருக்கும் பதிலே போடல மேடம்."