அக்குறணையில் கொதித்த கார்

கண்டியில் அந்த வெள்ளைக் காரைக் கிளப்பியபோது ராஜலிங்கத்துக்கு ஒரே குஷி. பட்டப்பகலில் சாவியைக் காரிலேயே விட்டுவிட்டுப் போகிற மடையன் ஊருக்கு ஒருவனாவது இருக்கிறானே! மாத்தளையில் வாங்குவதற்கு ஆள் தயார்.

அக்குறணைக்குள் நுழைந்ததும் பொனட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. என்ஜினுக்குத் தண்ணீர் போகிற குழாய் வெடித்துவிட்டது. கூட்டம் சேர்வதற்குள் பக்கத்துக் கராஜுக்குள் காரை உருட்டிவிட்டான்.

கராஜ்காரர் முனாப் பொனட்டைத் திறந்தார். குழாயில் யாரோ முன்பே சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"யார்ட கார், தம்பி?"

"மாமாவோடது, நானா."

"நல்ல மாமா!" குழாயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "இது இனிச் சரிவராது, புதுசுதான் போடணும். ஜும்ஆக்கு நேரமாயிட்டு. தொழுதிட்டு வாறேன், நீங்க இங்கேயே இருங்க."

வெள்ளிக்கிழமை. ஊரே கடைகளைப் பூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. ராஜலிங்கம் கராஜ் சுவரைப் பார்த்தான். அதே டியூப், அதே கம்பி அங்கே தொங்கின. ஆக, ஒட்டுப் போட்டவர் இவரேதான். காரை அடையாளம் கண்டுவிட்டார்!

குழாய் இல்லாமல் கார் நகராது. நடந்து தப்பலாமென்றால், ஆளரவமற்ற வீதியில் சந்தியில் காவல் நிற்கும் இராணுவத்தின் கண் இவன் மேல்தான் விழும். வேறு காலமென்றால் கார் திருட்டுக்கு ஆறு மாதம். இந்த யுத்த காலத்தில் தமிழன் திருடிய கார் என்றால் குண்டு வைக்கத்தான் என்று எழுதிவிடுவார்கள். உள்ளே போனால் எப்போது வெளியே வருவானோ! வத்தேகமையில் இருக்கும் அம்மாவை நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

முனாப் புதுக் குழாயோடு திரும்பினார். பின்னாலேயே இராணுவ ஜீப் ஒன்றும் வந்து நின்றது.

"இது யாருடைய வாகனம்?" சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டான்.

ராஜலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

"நமக்குத் தெரிஞ்ச ஆளோட கார்தான், சேர்," என்று அதே மொழியில் சிரித்தபடி சொன்னார் முனாப். ஜீப் போய்விட்டது.

குழாயைப் பூட்டி, இரண்டு பக்கமும் கிளிப்பை முறுக்கி, தண்ணீர் நிரப்பி, என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். முள் சிவப்புக்கு ஏறவில்லை.

"காசு வேணாம், தம்பி. எங்கேயும் நிப்பாட்டாமப் போங்க."

ராஜலிங்கத்துக்குக் கண் கலங்கியது. இப்படியும் ஒரு மனிதரா! இந்தக் காரைத் தவிர இனி எதையும் திருடுவதில்லை என்று அம்மா மேல் சத்தியம் செய்துகொண்டு மாத்தளை வீதியில் பறந்தான்.

கார் வளைவில் மறைந்ததும் முனாப் கண்டிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பரமநாதன் சேர், ரெண்டு மாசமா ஒங்கட காரச் சாவியோட ரோட்டுல விட்டும் ஒருத்தனும் தொடல்லயேண்டு கவலப்பட்டீங்களே, இண்டைக்கு ஒருத்தன் கொண்டுபோறான், அவன் மாத்தளை போய்ச் சேர்ந்த பொறகு பொலிஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் சொல்லுங்க, பைப்புச் செலவ இன்சூரன்ஸ் காசுல என்ட பங்கோட சேத்துத் தாங்க."