மதில் மேல் மங்குஸ்தான்

"ஏட்டி குழலு, நடையைத் தாண்டிராத. அங்கனயே நில்லு."

மதினி வாசல் கேட்டைப் பாதிதான் திறந்தாள்.

குழல்வாய்மொழி நின்றாள். நிற்பது அவளுக்குப் புதிதில்லை. நேராக நிற்பதுதான் மாசி மாசத்திலிருந்து முடியவில்லை. கிட்னிக்கு வழி விடாத விலா எலும்பில் ஒரு துண்டை மெட்ராஸ் டாக்டர்கள் நறுக்கி எறிந்திருந்தார்கள்.

அந்தக் கிட்னி இப்போது வீட்டுக்குள் இருந்தது. அவள் கேட்டுக்கு வெளியே.

உள்ளிருந்து உளுந்து வடை வாசம் வந்தது. பாயசம் கொதிக்கும் வாசமும். அதற்கும் பின்னால், உள்ளறையில், அம்மா இருமுவது கேட்டது.

அந்த இருமலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

எமர்ஜென்சி வருஷத்து ஆனிப் பௌர்ணமியில், செங்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த தாணுவை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கே அண்ணன் வல்லிநாயகம் ஊரறிய வாடகைக் கார் வைத்துக் குற்றாலத்துக்குப் போய், அருவியில் தலைமுழுகிவிட்டு வந்தார். மற்றவர்கள் இதைக் கோபத்தில் வாயால் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். அண்ணன் தென்காசியில் பேர்பெற்ற வக்கீல். எதையும் முறைப்படி செய்கிறவர். பார்வை மங்கிய அம்மாவிடம், மகள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டார்.

போன வருஷம் அண்ணனின் இரண்டு கிட்னியும் வாய்தாகூடக் கேட்காமல் நின்றுபோயின.

உடன்பிறந்தவர்கள் கொடுக்கலாம் என்றார்கள். சிவகிரித் தம்பி கைலாசத்துக்கு மெட்ராஸ் என்ற பேரைக் கேட்டதுமே சர்க்கரை வந்துவிட்டது. வாசுதேவநல்லூர்த் தம்பிக்கு மாமனார் உத்தரவு கிடைக்கவில்லை.

அப்போதுதான் மதினி பஸ் ஏறி, சைக்கிள் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து அழுதாள். "எல்லாம் நல்லபடியா முடியட்டும். அண்ணன் ஒன்னைய வீட்டுக்குள்ள கூப்பிடாமலா இருப்பாக? ஒனக்கும் அம்மாவைப் பாக்கணும்லா?"

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, இஷ்டப்பட்டுத்தான் கொடுக்கிறாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "எங்க அம்மாவைப் பாக்கணும்" என்றாள் குழல்வாய்மொழி. டாக்டரம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

தயங்கியது அண்ணன்தான். விலக்கி வைத்தவளின் சதையை உடம்பில் வாங்கலாமா என்று புரோகிதரைக் கேட்டுவிட்டார். அவர் என்ன சொன்னாரோ, மறுநாள் பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டார்.

கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவள், இன்று ஆனிப் பௌர்ணமி, கல்யாண நாளாயிற்றே, அண்ணன் மனசு இளகும் என்று தானே கிளம்பி வந்துவிட்டாள்.

அண்ணன் ஈர வேட்டியோடு வெளியே வந்தார். நிறம் திரும்பியிருந்தது. கன்னம்கூட உப்பியிருந்தது. கையில் இலை. இலையில் சோற்று உருண்டை, வடை, அதன் மேல் தோலுரித்த மங்குஸ்தான்.

இந்த வருஷம் குற்றாலத்தில் மங்குஸ்தான் யானை விலை. சின்ன வயசில் அதற்காக அவள் அண்ணனிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

நினைவு வைத்திருக்கிறாரே! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓரடி முன்னால் வைத்தாள்.

அண்ணன் இலையை அவள் பக்கத்து மதில் மேல் வைத்தார்.

"கா… கா…"

மதினி குனிந்து குசுகுசுத்தாள். "வருஷாவருஷம் ஒனக்குக் குடுக்கிற திதிதான். இந்தத் தடவ மங்குஸ்தானும் வைக்கணும்னுட்டாக. நன்றி மறக்காத மனுசன்லா?"

குழல்வாய்மொழி கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படிப் பாக்காத குழலு. செத்தவகிட்ட எடுத்தா தீட்டு இல்லன்னு ஐயர் சொன்ன பெறவுதான அவுக ஒத்துக்கிட்டாக? இப்ப ஒன்னைய உள்ள விட்டா அந்தக் கிட்னி என்னத்துக்காவும்?"

காக்கை வரவில்லை. எதிர்த் தென்னையில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

அண்ணன் முகம் வாடியது. "மனசுல ஏதோ குறை வச்சிருக்கா" என்றார். பிறகு ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மாவை நான் பாத்துக்கிடுதேன், தாயி. கவலப்படாம வந்து எடுத்துக்கோ."

ஆகாயத்துக்குக் கீழே, கை எட்டும் தூரத்தில் அவள் நின்றாள். அவ்வளவு கீழே அவர் பார்க்கவில்லை.

"நீ மதிலை ஒட்டி நிக்கேல்லா, அதான் அது வரமாட்டேங்கு" என்றாள் மதினி. "கொஞ்சம் தள்ளிப் போ. காக்கா எடுக்காம அவுக சாப்பிட மாட்டாக. சாப்பிடாம மாத்திரை போடக் கூடாது."

மாத்திரை தவறினால் கிட்னி கெட்டுவிடும். அதை டாக்டர் அவளிடமும் சொல்லியிருந்தார்.

அவளுடைய கிட்னி.

விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் தெருவைக் கடந்து, எதிர்ச் சாரியில் போய் நின்றாள். சாரல் தூறியது.

காக்கை இறங்கியது. வடையை விட்டது, சோற்றை விட்டது. மங்குஸ்தானைத்தான் முதலில் கொத்தியது.

"ஏலே வல்லி," உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் தெரு வரைக்கும் கேட்டது. "எம் புள்ள எடுத்துக்கிட்டாளா?"

"எடுத்துக்கிட்டாம்மா" என்றார் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.